பாட்டு நம்மள எப்படி மடக்குது? ஒரு பாட்டைப் பிரிச்சுப் போட்டுப் பாக்குற முழு வழிகாட்டி

பாலக்கோடு பக்கம் மைக் செட்டும் ஒரு பத்துக்குப் பத்து ரெக்கார்டிங் ரூமும் வச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். கடை திறப்பு விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, தேர்தல் வந்தா வேட்பாளர் பாட்டு, இதான் பொழப்பு. ஒரு உள்ளாட்சித் தேர்தல்ல ஒருத்தருக்குப் பாட்டு போட்டு பென்டிரைவ எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன், திண்ணையில அவரோட அம்மா மொச்சை உரிச்சுக்கிட்டே பாடிக்கிட்டிருக்கு, என்ன பாட்டுன்னு காது குடுத்துக் கேட்டா எதிர் வேட்பாளரோட பாட்டு. "ஏம்மா, அது அவங்க பாட்டும்மா"ன்னேன். "அது கெடக்குது கண்ணு, வாயில வருது, பாடுறேன்"னுச்சு.

அந்த "வாயில வருது"தான் இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்ட மொத்தமும். மேடையில ஒருத்தர் பேசுனா அது காதுல நிக்கும், பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிடலாம். பாட்டு அப்படி இல்ல, அடுத்தவன் சொன்ன வாக்கியத்த நம்ம வாயாலயே நம்மள சொல்ல வச்சிடும். நம்ம வாயில இருந்து வந்தத நாமளே எப்படி மறுத்துப் பேசுறது? இத எப்படிப் பண்றாங்கன்னு ஒரு பாட்ட எடுத்து ஒவ்வொரு படியா பிரிச்சுப் பாக்கத்தான் இத எழுதுறேன். ஒரு நோட்டு, ஒரு ஹெட்போன், ஒரு மணி நேரம் போதும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்ட எடுங்க, பிடிக்காத பாட்ட எடுத்தா ஏற்கனவே பாதி உஷாரா இருப்பீங்க, கத்துக்க முடியாது.

படி 1: பாட்ட நிறுத்திட்டு வரிகள கையால எழுதுங்க

காப்பி பேஸ்ட் வேணாம். கையால எழுதும்போது மெட்டு கழண்டு விழுந்துடும், வெறும் வார்த்தை மட்டும் நிக்கும். எழுதி முடிச்சதும் முதல்ல பாக்க வேண்டியது யாரு யாருகிட்ட பேசுறாங்கன்னு. குறிப்பா "நாம, நம்ம"ன்னு வருதா, "நாங்க, எங்க"ன்னு வருதான்னு வட்டம் போடுங்க.

தமிழ்ல இது பெரிய ஆயுதம், நாம தினம் பேசுறதால நமக்கே தெரியறதில்ல. "நம்ம ஊரு, நம்ம தண்ணி"ன்னு பாடுனா கேக்குறவன் கேக்காமலே உள்ள வந்துட்டான், அவன் சம்மதத்த யாரும் வாங்கல. "எங்க ஊரு, எங்க தண்ணி"ன்னு ஒரே ஒரு சொல்ல மாத்திப் பாருங்க, இப்ப எதிர்ல யாரோ ஒருத்தன் நிக்கிறான், அவன்கிட்ட சண்டைக்குப் போற பாட்டு ஆயிடுச்சு. ஓசூர், தளி பக்கம் ஒரே பாட்ட மூணு பாஷையில போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்க. தெலுங்குல பிரச்சனை இல்ல, அங்கயும் மனமு, மேமுன்னு ரெண்டு இருக்கு. கன்னடத்துல இப்போ பேச்சுல நாவு ஒண்ணுதான், அதனால "எல்லாரும் சேந்து"ன்னு தனியா ஒரு வார்த்தை சேக்க வேண்டி வந்து தாளம் இடிச்சுது. அன்னைக்குத்தான் இந்த "ம்"முக்கும் "ங்க"வுக்கும் எவ்வளவு கூலி குடுக்கலாம்னு எனக்குத் தெரிஞ்சுது.

இன்னொண்ணும் பாருங்க, பல்லவியில "நாம"ன்னு ஆரம்பிச்சு சரணத்துல சத்தமில்லாம "நான்"னு மாறுதா? தேர்தல் பாட்டுல இது ரொம்ப சகஜம். கஷ்டமெல்லாம் நம்மது, தீர்த்து வைக்கிறது மட்டும் அவரு.

படி 2: வினைச்சொல்ல மட்டும் அடிக்கோடு போடுங்க

நடந்ததா, நடக்குதா, நடக்கப் போகுதா, நடந்தா நல்லா இருக்குமா? இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பாரதியார் ஆனந்த சுதந்திரம் அடைஞ்சுட்டோம்னு ஆடிப்பாடச் சொல்லி எழுதுனாரு, ஆனா அவரு இறந்தது 1921, சுதந்திரம் வந்தது 1947. வராத ஒண்ண வந்துடுச்சுன்னு சொல்றது பொய் இல்லையான்னா இல்ல. விரைவு காட்டணும்னா வருங்காலத்த இறந்தகாலத்துல சொல்லலாம்னு தொல்காப்பியமே வழி விட்டிருக்கு. சாப்பிட்டுக்கிட்டிருக்கிறவன் "இதோ வந்துட்டேன்"னு கத்துறான் பாருங்க, அதே கணக்கு. ஆனா பாட்டுல அது வேற வேலை செய்யுது: அடைஞ்சுட்டோம்னு நூறு தடவ பாடுனவனுக்கு, அடையல்லன்னு யாராவது சொன்னா தன் கையில இருந்தத பிடுங்குன மாதிரி கோவம் வரும். நம்ம பாப்பாரப்பட்டியில சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கே, 1925-ல அங்கதான் அவர் இறந்தாரு, பாரதியாரோட தோழர். அந்தப் பக்கம் போனா அங்க நின்னு இந்தப் பாட்ட ஒரு தடவ பாடிப் பாருங்க, சுதந்திரத்தப் பாக்காமலே போன ரெண்டு பேரு, பாட்டு மட்டும் பாத்துட்ட மாதிரியே பேசுது.

இதுக்கு நேர் எதிர் "ஆல்". 1965-ல வந்த எங்க வீட்டுப் பிள்ளை படத்துல வாலி எழுதி எம்ஜிஆர் வாயசைச்ச "நான் ஆணையிட்டால்" பாட்டு தெரியாதவங்க இருக்க முடியாது. ஆணையிட்டேன்னு இல்ல, ஆணையிட்டால். கதையில அது கொடுமைக்காரன் முன்னாடி ஒருத்தன் சவுக்க எடுக்குற இடம். தியேட்டர்ல உக்காந்திருக்கிறவன் காதுல மட்டும், அதிகாரம் கையில வந்தா இவரு என்ன செய்வாருன்னு ஒரு கேள்வி தொங்கிட்டே நிக்கும், பதில அவன் மனசே போட்டுக்கும். 1977-ல அவரு முதலமைச்சர் ஆனாரு. பாட்டாலதான் ஆனாருன்னு சொல்றது சோம்பேறிக் கணக்கு, ஆனா அந்த "ஆல்" பன்னெண்டு வருசம் ஊர் ஊரா கூம்பு ஸ்பீக்கர்ல ஓடுச்சுங்கிறத மறக்கக் கூடாது.

கேள்விக்குறி வர்ற வரிகளையும் விடாதீங்க. நன்னூல்ல ஆறு வகை வினா சொல்லுவாங்க, அதுல ஏவல் வினான்னு ஒண்ணு, கேள்வி மாதிரி இருக்கும் ஆனா வேலை ஏவுறது. "இன்னும் தூங்குறியா?"ன்னு அம்மா கேட்டா பதிலா எதிர்பாக்குறாங்க? புரட்சிப் பாட்டுல வர்ற முக்கால்வாசி கேள்வி இந்த வகைதான்.

படி 3: எது திரும்பத் திரும்ப வருதுன்னு எண்ணுங்க

சும்மா கோடு போட்டு எண்ணுங்க, ஒரு வரி எட்டு தடவ வந்தா பக்கத்துல 8-ன்னு எழுதுங்க. தண்டியலங்காரத்துல சொற்பொருள் பின்வருநிலையணின்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணோமே, வந்த சொல்லே அதே பொருள்ல திரும்பத் திரும்ப வர்றது, மார்க்குக்காகப் படிச்சதால அது எதுக்குன்னு யாரும் சொல்லல. 1977-ல அமெரிக்காவுல மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. சில தகவல்கள சில வார இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுனாங்க, உண்மையோ பொய்யோ, அடிக்கடி கேட்டத ஜனங்க உண்மைன்னு நம்ப ஆரம்பிச்சாங்க. பழகுன முகத்த நல்லவன்னு நினைக்கிற மாதிரி. கோரஸோட வேலை இதுதான், அழகுக்கு அது ரெண்டாவது.

எதுகை மோனையும் அப்படித்தான். 2000-ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில, ஒரே கருத்த எதுகையோட சொன்னா ஜனங்க அத இன்னும் சரியானதுன்னு நினைக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம பழமொழி எல்லாத்தையும் இந்தக் கண்ணோட ஒரு தடவ பாருங்க, "ஆடிப் பட்டம் தேடி விதை"ங்கிறது ஆடிக்கும் தேடிக்கும் இருக்கிற சொந்தத்தாலதான் பாதி நிக்குது. அந்தப் பழமொழி உண்மையும்கூட, அதனால தொந்தரவில்ல. ஆனா "வட்டி கம்மி, வாழ்க்கை நிம்மதி"ன்னு நானே ஒரு நகைக்கடன் கடைக்கு எழுதிக் குடுத்திருக்கேன், எத்தன பர்சன்ட்டுன்னு யாருமே கேக்கல. ரெண்டாயிரம் ரூபா வாங்குனேன் அதுக்கு.

படி 4: இப்ப மெட்ட மட்டும் கேளுங்க

வரிய மறந்துட்டு லாலாலான்னு முணுமுணுத்துப் பாருங்க. இந்த மெட்டு இதுக்கு முன்னாடி எங்க கேட்டது? ஆடி மாசத்துல நம்ம ஊர்ல சினிமா மெட்டுல அம்மன் பாட்டு போடுறாங்களே, அது சோம்பேறித்தனம்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். இல்ல. தெரிஞ்ச மெட்டு திறந்து கெடக்குற வாசல் மாதிரி, புது வார்த்தை தட்டாமலே உள்ள போயிடும்.

இதுக்கு நல்ல உதாரணம் 2015-ல சோஃபியா அஷ்ரஃப் பாடுன கொடைக்கானல் ராப் வீடியோ. அங்க ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரியில பாதரசக் கழிவு கொட்டுன பிரச்சனை, ஃபேக்டரி 2001-லயே மூடியாச்சு, தொழிலாளர்கள் வருசக்கணக்கா போராடிக்கிட்டிருந்தாங்க. சோஃபியா என்ன பண்ணாங்க, உலகமே ஆடிக்கிட்டிருந்த நிக்கி மினாஜோட அனகோண்டா பாட்டு மெட்ட எடுத்துக்கிட்டாங்க. ஆடத் தயாரா வந்தவன் காதுல பாதரசம். 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி சமரசத்துக்கு வந்துச்சு. ஆனா இந்த இடத்துல நிதானமா இருக்கணும், பதினஞ்சு வருசம் போராடுனவங்க உழைப்ப மூணு நிமிச பாட்டு கணக்குல எழுதிடக் கூடாது. பாட்டு வெளியூர்க்காரன் காத திறந்துச்சு, சொல்ல வேண்டியது அதுக்கு முன்னாடியே தயாரா இருந்துச்சு.

மெட்டும் வரியும் ஒண்ணுக்கொண்ணு எதிரா போகுதான்னும் பாருங்க. 2021 மார்ச்ல வந்த எஞ்சாய் எஞ்சாமி, தீயும் அறிவும் பாடுனது, கல்யாண வீட்டுல எல்லாம் ஆடுனாங்க. ஏரி குளம் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் சொந்தம்னு குழந்தைப் பாட்டு மாதிரி போகும், அப்புறம் தோட்டம் போட்டு வளத்தவனோட தோட்டம் செழிச்சுது, அவன் தொண்டை நனையலன்னு ஒப்பாரிக்கு இறங்கும். அறிவோட பாட்டி இலங்கை தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவங்க. முதல்லயே ஒப்பாரிய வச்சிருந்தா நாம டிவிய மாத்தியிருப்போம். ஆட வச்சுட்டு அழ வைக்கிறான், பாதியில நிறுத்திட்டுப் போக மனசு வராது.

படி 5: யாரு பாடுறாங்க

இத சுருக்கமா சொல்லிடுறேன். ஆள நம்ப வைக்கிறது, உணர்ச்சியத் தூண்டுறது, நியாயம் பேசுறது, இந்த மூணுதான் பேச்சுன்னு கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் ரெண்டாயிரத்து முன்னூறு வருசத்துக்கு முன்னாடியே பிரிச்சு வச்சுட்டாரு. பாட்டுல முதலாவது குரல் மூலமா வருது. 2017-ல டி.எம். கிருஷ்ணா பாடுன பொறம்போக்கு பாட்ட எடுத்துக்குங்க, கபேர் வாசுகி எழுதுனது, எண்ணூர் கழிமுகம் நாசமாப் போறதப் பத்தி. சபாவுல கச்சேரி பண்ற கர்நாடக சங்கீத வித்வான், அந்த ராகங்கள்லயே, சென்னைப் பேச்சுத் தமிழ்ல, எண்ணூர்ல போய் நின்னு, திட்டுறதுக்கு மட்டும் வச்சிருந்த ஒரு வார்த்தைய கௌரவமா பாடுறாரு. பொறம்போக்குன்னா ஊருக்கும் பூமிக்கும் பொதுவானதுன்னு அந்த வார்த்தைக்கே பழைய அர்த்தத்த மீட்டுக் குடுக்குறாரு. இதையே ஒரு கானா பாடகர் பாடியிருந்தா நல்லா இருந்திருக்கும், ஆனா அந்த அதிர்ச்சி வந்திருக்காது. உங்க பாட்டுல பாடகர மாத்திக் கற்பனை பண்ணிப் பாருங்க, எவ்வளவு நம்பிக்கை குறையுதோ அவ்வளவும் ஆளுக்காக நீங்க குடுத்தது, கருத்துக்கு இல்ல.

புகழ்ற மாதிரி குத்துறதும் இங்கதான் வரும். இதுல நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், நம்ம தகடூர்க்காரங்க, அதாவது இன்னைக்குத் தர்மபுரிக்காரங்க, கதை இது. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்ட தூது போனாங்க, அவன் தன்னோட ஆயுதசாலைய பெருமையா காட்டுனான். புறநானூறு 95-வது பாட்டு. உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி காவலோட அரண்மனையில அழகா இருக்குது, எங்க ஆளோட வேலு பாவம் எதிரிகள குத்திக் குத்தி நுனி ஒடிஞ்சு எப்பவும் கொல்லன் பட்டறையிலதான் கெடக்குதுன்னாங்க. ஒரு மிரட்டல் வார்த்தை கிடையாது, அதியமான நேரா ஒரு வரி புகழ்ந்து ஆரம்பிக்கல. ரெண்டு படத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, அவ்வளவுதான், முடிவ தொண்டைமானே எடுத்துக்கணும். எனக்குத் தெரிஞ்சு மியூசிக் வீடியோ எடிட்டிங் பாடத்துக்கு இதவிட நல்ல பாட்டு இல்ல.

படி 6: சத்தத்த அணைச்சுட்டு வீடியோவ மட்டும் பாருங்க

ஔவையார் பண்ணதத்தான் கேமரா பண்ணுது. ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு டைரக்டர் நூறு வருசம் முன்னாடி ஒரு நடிகனோட சலனமில்லாத முகத்துக்குப் பக்கத்துல ஒரு தடவ சூப்பு, ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொண்ணுன்னு ஒட்டிக் காட்டுனாரு. முகம் ஒண்ணுதான், பாத்தவங்க பசின்னாங்க, துக்கம்னாங்க, ஆசைன்னாங்க. வேட்பாளர் முகம், அடுத்து காமராஜர் படம், மறுபடி வேட்பாளர் முகம். இதுல யாரும் யாரையும் ஒப்பிட்டுப் பேசவே இல்ல, நீங்கதான் ஒப்பிட்டீங்க. நானே எத்தனையோ தடவ வெட்டி ஒட்டியிருக்கேன், பதினஞ்சு நிமிச வேலை.

சத்தம் இல்லாம மூணு தடவ பாருங்க. முதல் தடவ நடுவுல இருக்கிறத மட்டும், ரெண்டாவது தடவ பின்னாடி என்ன நடக்குதுன்னு, மூணாவது தடவ யாரு முகம் கிட்டக்கயும் யாரு கூட்டமாவும் வர்றாங்கன்னு. இந்த ரெண்டாவது தடவைக்காகவே 2018-ல அமெரிக்கப் பாடகர் சைல்டிஷ் காம்பினோவோட திஸ் இஸ் அமெரிக்கா வீடியோ எடுத்த மாதிரி இருக்கும், டைரக்டர் ஹிரோ முராய். ஒரு பெரிய கிடங்குல காம்பினோ ஆடிக்கிட்டிருக்காரு, கூட யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க ஆடுறாங்க, நம்ம கண்ணு அந்த ஆட்டத்த விட்டு நகராது, பின்னாடி ஓட்டமும் தீயும் கலவரமுமா கெடக்குது. சுட்ட துப்பாக்கிய சிவப்புத் துணியில பத்திரமா வாங்கிட்டுப் போறாங்க, சுடப்பட்டவன தரையில இழுத்துட்டுப் போறாங்க. எதுக்கு மரியாதைன்னு ஒரு வார்த்தை இல்லாம சொல்லியாச்சு. அதோட ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இத விட்டவன் நீதான்னு நம்ம மேலயே குத்தமும் வச்சாச்சு.

கலர், லைட், எத்தன வெட்டு எல்லாம் பாக்கலாம், ஆனா முதல்ல பின்னாடி இருக்கிறவங்கள பாருங்க, பெரும்பாலும் விஷயம் அங்கதான் இருக்கும்.

படி 7: பாட்ட மெட்டு இல்லாத ஒரு வாக்கியமா எழுதுங்க, அப்புறம் எது விட்டுப் போச்சுன்னு பாருங்க

"இந்தப் பாட்டு என்ன செய்யச் சொல்லுது, ஏன்?" ஒரே வாக்கியம், டீக்கடையில சொல்ற மாதிரி. சொல்லும்போது கூச்சமா இருந்தா மெட்டு எதையோ மூடி வச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் யாரப் பத்தி, எதப் பத்தி பேச்சே இல்லைன்னு யோசிங்க.

இதுல நான் மாட்டுன கதையச் சொல்றேன். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர்வெல் தண்ணியில, பல்லக் கறையாக்குற ஃப்ளோரைடு பிரச்சனை எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் வந்துச்சு. நல்ல தண்ணியக் குடிங்கன்னு ஒரு விழிப்புணர்வுப் பாட்டு கேட்டாங்க. முதல்ல எழுதிக் குடுத்த ஆளு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு அப்படியே சரணத்துல போட்டிருந்தாரு. உண்மைதான், ஆனா தாளத்துல மில்லிகிராம் நொண்டுது, பாடுனவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அப்புறம் பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு கூத்துக் கலைஞர கூப்பிட்டேன், கட்டியங்காரன் வேசம் கட்டுறவரு, ராத்திரி முழுக்க ஜனங்கள தூங்க விடாம சிரிக்க வைக்கிற ஆளு. அவரு பத்து நிமிசத்துல பல்லவி போட்டாரு: பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ளை வாயத் திறக்க மாட்டேங்குறான், திறந்தா பல்லெல்லாம் காப்பிக் கறை, பொண்ணு ஓடியே போச்சு. ஸ்டூடியோவே சிரிச்சுது. ஒரு ஸ்கூல் மைதானத்துல போட்டோம், ரெண்டாவது தடவ பல்லவி வரும்போது பசங்க எல்லாம் கூடவே கத்திப் பாடுறாங்க, எனக்குப் பெருமை தாங்கல. முன் வரிசையில ஒரு பொண்ணு மட்டும் பாடல, ஏழாவது எட்டாவது படிக்கும், ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. அது பல்லு பழுப்பு.

தொல்காப்பியத்துல எட்டு மெய்ப்பாடு சொல்றாங்க, நகை, அழுகை, அடுத்தது இளிவரல், அதாவது கூசிக் குறுகிப் போறது. நாங்க ஊருக்கே நகைய குடுத்து, இளிவரல அந்தப் பொண்ணு தலையில மட்டும் இறக்கி வச்சிருக்கோம். அந்தக் கறை சின்ன வயசுல பல்லு உருவாகுறப்பவே குடிச்ச தண்ணியால வர்றது, பல்லு விளக்காததால இல்ல. அந்த ஒரு விஷயம் பாட்டுல எங்கயும் வரல. படி 1-ல சொன்னேனே "நாம"ன்னு, பாட்டு முழுக்க "நாம"தான், அந்தப் பொண்ணு மட்டும் அதுல இல்ல.

அதனால உங்க பாட்டுக்குக் கடைசி சோதனை, கூட்டத்துல போட்டு விட்டுட்டு யாரு ஆடுறாங்கன்னு பாக்காதீங்க, யாரு வாய் அசையலன்னு பாருங்க. வேணும்னே பாடாதவங்க இருப்பாங்க, பாட முடியாதவங்களும் இருப்பாங்க, ரெண்டையும் பிரிச்சுக் குறிச்சுக்குங்க.

அந்த டேக்க அன்னைக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். கட்டியங்காரர் கோச்சுக்கிட்டாரு, அப்புறம் அவரே மாப்பிள்ளைய எடுத்துட்டு போர்வெல்ல ஆளாக்கிப் பாடுனாரு, ஆயிரம் அடியில பாறைக்குள்ள உக்காந்துக்கிட்டு "நான் குடுத்த கறைக்கு பிள்ளைய ஏன்யா திட்டுற"ன்னு போர்வெல்லே பேசுற மாதிரி. பழைய பல்லவி அளவுக்கு அது ஓடல. இன்னும் அந்தப் பக்கம் பசங்க சிலபேரு காப்பிக் கறையத்தான் பாடுறாங்க.